நேசன் அண்ணைக்கு நான் குடுக்காத வீக்கெண்ட்

நேசன் அண்ணை போயிட்டார்.

நேற்று விடிய லண்டன் கிங்ஸ்பரியில பஸ் ஸ்டொப்பில நிண்டபடியே விழுந்திட்டாராம். ஹார்ட் அட்டாக்... வேலைக்கெண்டு வெளிக்கிட்ட மனுசன்.

எனக்குக் கவலை வரமுதல் அரியண்டம்தான், அருவருப்புத்தான் வந்தது. உள்ளதைச் சொல்லுறன்.

செய்தி வந்து அரை மணித்தியாலத்தில எங்கட வேலை வாட்ஸப் குரூப்பில சூப்பர்வைசர் ஒரு அழுகிற எமோஜி போட்டார். அதுக்குக் கீழயே, "நேசன்ர ஷிப்டுக்கு ஆருக்கு வரேலும்?" எண்டு கேட்டிருந்தார். ரெண்டு பேர் அதுக்குக் கட்டைவிரல் வேற காட்டியிருந்தினம். தூ.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். வெம்பிளிப் பக்கம் ஒரு சாண்ட்விச் ஃபேக்டரியில அண்ணையும் நானும் பதினொரு வருஷம் ஒரே லைன். அந்தக் குளிருக்குள்ள முட்டை மயோனைஸ் மணத்தோட நிக்கேக்க அவர் கதைக்கிறது ஒண்டே ஒண்டுதான்... ஏர்ஷோ.

பழைய சண்டை விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டுவினம். வருஷத்தில ஒரு வீக்கெண்ட், லண்டனுக்கு வெளியால. ஜனவரி பிறந்தாலே மனுசனுக்குச் சந்தோசப் புழுகம் தொடங்கிடும். எந்த ரோட்டால போறது, பிளாஸ்க் பெரிசோ சின்னனோ, கதிரையை எந்தப் பக்கம் போடுறது...

எனக்கு அது அறவே பிடிக்காது. ஒருநாள் முகத்துக்கு நேர கேட்டனான். "அண்ணை, எங்கட தலையில குண்டு போட்ட சாமானைப் போய் டிக்கெட் எடுத்துப் பாக்கிறியள். அரியண்டமா இல்லையோ?"

அவர் கோவிக்கேல்ல. "தம்பி, ஊரில குண்டு போட பொம்மர் வரேக்க நான் பங்கருக்குள்ள குப்புறக் கிடந்தனான். சத்தம் மட்டும்தான் தெரியும். என்னத்துக்குப் பயந்து ஓடினனான் எண்டு ஒருக்காலாவது பாக்க வேண்டாமோ?"

முதல் முறை போன கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். விமானம் பதிஞ்சு வந்ததும், ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த வெள்ளையளுக்கு நடுவில, இவர் புல்லில குப்புறப் படுத்திட்டார். காதைப் பொத்தி, வாயைத் திறந்து... பள்ளிக்கூடத்தில எங்களுக்குப் பழக்கின மாதிரியே.

ஃபர்ஸ்ட் எய்ட் ஆக்கள் ஸ்ட்ரெச்சரோட ஓடி வந்திட்டினமாம். "எனக்கு ஒண்டுமில்லை, நான் யாழ்ப்பாணம்" எண்டு சொல்லியிருக்கிறார். அவைக்கு என்ன விளங்கும்... ஒரு தேத்தண்ணியைக் குடுத்து இருத்தினவையாம்.

அடுத்த வருஷம் படுக்கேல்ல, குந்தினார். அதுக்கடுத்த வருஷம் நிண்டார்... ஆனா கண்ணை மூடிக்கொண்டு. போன வருஷமும் மூடிட்டாராம்.

"இந்த முறை மூடமாட்டன் தம்பி. பாத்தே தீருவன்." ஜனவரியில இருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர்.

இனி என்ர வண்டவாளத்துக்கு வாறன்.

எங்கட கன்டீன் சுவரில லீவு பிளானர் ஒண்டு தொங்குது. ஒரு வீக்கெண்டுக்கு ஒரு லைனில ஒராள்தான் லீவு எடுக்கலாம், ஆர் முதல் பேர் எழுதுகினமோ அவைக்குத்தான். இந்த வருஷம் ஏர்ஷோ தேதியைப் பிந்தித்தான் அறிவிச்சவை. அதுக்குள்ள நான் அந்தச் சனி ஞாயிறில என்ர பேரை எழுதிப்போட்டன்.

என்னத்துக்கு? இஞ்ச எட்மண்டனில என்ர மனுசியின்ர ஒண்டுவிட்ட தமையன்ர பெட்டைக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. அந்தப் பிள்ளைக்கு என்ர பேர்கூடத் தெரியாது.

அண்ணை வந்து கேட்டவர். கையுறையைக் கழட்டிப்போட்டு, மரியாதையா. "தம்பி, அந்த வீக்கெண்டை எனக்கு விட்டுத் தரேலுமோ?"

"ஏலாது அண்ணை, சொந்தக்காரர் கோவிப்பினம். உங்கட விமானம் அடுத்த வருஷமும் பறக்கும்தானே." சொன்ன வாய் இது.

"ஓம் ஓம், அதுவும் சரிதான்" எண்டு திரும்பிப் போயிட்டார். அந்தச் சனிக்கிழமை அவர் லைனில நிண்டு சாண்ட்விச் அடுக்கினார்.

நான் கோட் சூட்டோட ஒரு ஹோட்டல் புல்வெளியில நிண்டனான். பன்ரெண்டு வயசுப் பிள்ளையை ஹெலிகொப்டரில கொண்டுவந்து இறக்கினவை. வாடகை ஹெலி... கோதாரி! மேல ஒரு ட்ரோன், கீழ நாலு கமராக்காரர், தேப்பன்காரன் கறுப்புக் கண்ணாடியோட. அந்தக் குழந்தை காத்தில பறக்கிற சீலையைப் பிடிக்கேலாமல் முழிச்சுக்கொண்டு நிண்டது. சீ... எங்களுக்கு என்ன விசர் பிடிச்சிருக்கு?

திங்கட்கிழமை வேலைக்குப் போக அண்ணைதான் முதல் கேட்டார். ஒரு மனக்குறையும் இல்லை, ஆசையாத்தான் கேட்டார். "என்ன தம்பி, ஹெலி வந்ததாமே? கிட்ட நிண்டு பாத்தனியோ?"

"ஓம் அண்ணை, வடிவாப் பாத்தனான்" எண்டன்.

"அப்ப நீ என்னைவிடக் கெட்டிக்காரன்" எண்டு முதுகில தட்டினார். இது நடந்து ஆறு கிழமைதான்.

நேற்றுப் பின்னேரம் அவையின்ர வீட்ட போனனான். வாசல் பக்கத்தில ஒரு மடிக்கிற கதிரை, புதுசு, லேபல்கூடக் கழட்டேல்ல. இந்த வருஷத்துக்கெண்டு வாங்கினவர் எண்டு அண்ணையின்ர மனுசி, அக்கா சொன்னா. எனக்கு அதில இருக்கச் சொல்லி விரிச்சும் தந்தா. நான் இருக்கேல்ல.

வீட்ட வந்து அதே குரூப்பில நானும் ஒரு கும்பிடுற எமோஜி போட்டன். என்னை நினைக்க எனக்கே அரியண்டமாக் கிடக்கு.

அண்ணை... நான் சொன்னது பொய்.

அந்த ஹெலிச் சத்தம் பதிஞ்சு வந்ததும் நான் ஓடிப்போய் ஒரு காருக்குப் பின்னால குந்திட்டன். எனக்கு முதலே ரெண்டு பேர் அதில குந்தியிருந்தவை, பட்டு வேட்டியோட, எங்கட வயசு ஆக்கள். ஹெலி நிண்டாப்பிறகு மூண்டு பேரும் உடுப்பைத் தட்டிப்போட்டுச் சாப்பிடப் போனம்.

நான் பாக்கேல்ல அண்ணை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தனான்.

போயிட்டு வாங்கோ.