பறிக்காமல் விட்ட கொழுந்து

இரண்டு வருடங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நடந்தது இது. வீட்டில்கூட இதை நான் முழுதாகச் சொன்னதில்லை.

கண்டியில் குடியிருக்கிறேன். பல்லேகலயில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பகல் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குள் எந்த மாகாணம் பெரிது என்ற சண்டை ஓயாது. கொழும்புக்காரர் ஒருவர் துறைமுகத்தைச் சொல்வார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த நண்பர், "எங்கட சனம் வெளிநாட்டிலயிருந்து அனுப்புற காசில எத்தினை வீடு எழும்புது தெரியுமே? உங்கட மலையில குளிரைத் தவிர என்ன கிடக்கு?" என்று சீண்டுவார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். இந்த நாடு டொலரைக் கண்ணால் கண்டதே எங்கள் தேயிலையால்தான் என்று மேசையைத் தட்டுவேன்.

சொன்னால் மட்டும் போதுமா, காட்ட வேண்டாமா? அந்த நண்பரைக் காரில் ஏற்றிக்கொண்டு, என் அப்பா முன்பு வேலை செய்த தோட்டத்துக்கே போனேன். நல்லதாக ஒரு படம் எடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கொழும்புக்காரர் வாயை அடைப்பதுதான் என் திட்டம்.

ரோட்டோரமாக நாலைந்து பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நின்ற இடம் பராமரிப்பில்லாமல் கிடந்தது, பாதிச் செடி குச்சிதான். பாதையில் ஒரு பக்கம், தொழிலாளர் குடியிருந்த இடிந்த லயம் வேறு. யாழ்ப்பாண நண்பர் அந்த லயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அப்போதுதான் சற்று மேலே, ஒற்றை மரத்தைச் சுற்றி ஒரு துண்டு மட்டும் கொழுந்து ஓங்கி, பச்சைப் பசேலென்று நிற்பதைக் கண்டேன். ஆகா, இதுதான் படத்துக்கு ஏற்ற இடம் என்று தோன்றியது.

தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். இவ்வளவு கொழுந்தை ஏன் பறிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

ஐம்பது வயதிருக்கும் ஒரு அக்காவிடம், அப்பாவின் பெயரைச் சொல்லி, மேலே போய் நின்றால் ஒரு படம் எடுப்பேன் என்றேன். பக்கத்தில் நின்ற இளையவள் முந்திக்கொண்டு, "அங்கிட்டு வேணாங்க சேர், மரத்துல குளவி கட்டியிருக்கு. நாங்களே அந்தப் பக்கம் போறதில்ல" என்றாள்.

"ரெண்டே நிமிஷம். நம்ம மலையை நாலு பேரு பாக்க வேணாமா?" என்றேன் நான்.

அந்த அக்கா சிரித்தார். "நம்ம தோட்டத்துப் புள்ள ஆசையா கேக்குது. நின்னுட்டு வந்துர்றேன், விடு" என்று இளையவளிடம் சொல்லிவிட்டுக் கொழுந்துச் சாக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு ஏறிப் போனார்.

நான் ரோட்டில் நின்று படம் எடுத்தேன். மரம் படத்துக்குள் முழுதாக விழவில்லை. "இன்னும் கொஞ்சம் பின்னால போங்க அக்கா" என்று கத்தினேன். அவர் பின்னால் போனார். தாழ்ந்திருந்த கிளையில் சாக்கு உரசியது.

அடுத்துக் கேட்டது குளவிகளின் இரைச்சல். முதலில் ஓடியவன் நான்தான். காருக்குள் புகுந்து கண்ணாடியை ஏற்றினேன். யாழ்ப்பாண நண்பர்தான் ஒரு சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு மேலே ஓடினார். இளையவளும் கூடவே ஓடினாள். இருவரும் அந்த அக்காவை இழுத்துக்கொண்டு வந்தபோது முகம் அடையாளமே தெரியவில்லை. "கதவைத் திறவுங்கோ! என்ன பாத்துக்கொண்டு இருக்கிறியள்?" என்று நண்பர் கண்ணாடியில் அடித்த பிறகுதான் கதவைத் திறக்க எனக்குக் கை வந்தது.

காரில் கொண்டுபோன பக்கத்து ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சேர்க்கும்போது உயிர் இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு இல்லை.

ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே நான் இளையவளிடம், நடந்ததைத் தோட்டத்தை நடத்தும் ஐயாமாரிடம் சொல்லப் போகிறேன் என்றேன். கொட்டு வாங்கி வீங்கிய கையால் என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"சேர், வாயத் தொறக்காதீங்க. கொழுந்து எடுக்கப் போன எடத்துல கொட்டுச்சுன்னாத்தான் அவுங்க வீட்டுக்கு நட்டஈடு. போட்டோவுக்கு நிக்கப் போனாங்கன்னா அது வேலையில்லன்னுருவாங்க. ரெண்டு புள்ளைங்க படிக்குது. ஒங்களுக்காகச் சொல்லல, தெரியுமா?"

அந்தக் கடைசி வார்த்தையில் இருந்த வெறுப்பை நான் மறக்கமாட்டேன். நியாயமான வெறுப்பு. என் குற்றத்தைச் சொல்லி மனதைக் கழுவிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் மூத்த மகள் வந்தாள். பல்லேகலயில் தையல் வேலை செய்பவளாம், சீருடையோடு ஓடி வந்திருந்தாள். யாரோ என்னைக் காட்ட, அழுதுகொண்டே வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். "நீங்க கார்ல கொண்டு வராட்டி அம்மா ரோட்டுலயே போயிருக்கும். கும்புடுறேன் சேர்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஐயோ, தலையைத்தான் ஆட்டினேன்! நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு அவர் என்னோடு ஒரு மேசையில் சாப்பிட்டதில்லை.

நட்டஈடு கிடைத்ததாக ஆறு மாதம் கழித்துக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இப்போதும் தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மறைத்தே எழுதுகிறேன். எங்கள் மலை, எங்கள் மலை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். அந்த மலையில் என் கையால் ஆன காரியம் என்று இருப்பது அந்த அக்காவின் சாவு ஒன்றுதான், அதற்கும் அவர் மகள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.