மாஸ்டரின் காரும் ஐந்தாம் செமஸ்டரும்

கல்லூரி அலுவலக ஜன்னலில் அவள் விண்ணப்பப் படிவம் கேட்டபோது உள்ளே இருந்த கிளார்க் தலையைத் தூக்காமலே, "பையனுக்கா, பொண்ணுக்கா?" என்றார்.

"எனக்குத்தாங்க."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்திரண்டு வயது. தோளில் ஒரு பை, அதற்குள் காலி சாப்பாட்டு டப்பா, கண்ணுக்குக் கீழே கருவளையம். "மாலை வகுப்பு, கணக்கியலும் வணிகமும். மூணு வருஷம் தாங்குவீங்களா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் படிவத்தை நீட்டினார்.

அவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். டோக்கன் கொடுப்பது, பில் போடுவது, கன்னம் வீங்கி வருகிறவர்களிடம் "இன்னும் ரெண்டே பேர்தாங்க" என்று பொய் சொல்வது, இதெல்லாம் அவள் வேலை. மருத்துவமனையை நடத்திய டாக்டரம்மா ஒருநாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இன்னொரு கிளினிக் திறக்கலாம்னு இருக்கோம். நிர்வாகத்துக்கு ஆள் வேணும். உனக்கு மட்டும் ஒரு டிகிரி இருந்தா கண்ணை மூடிட்டு உன்னையே போட்டிருப்பேன்" என்றார். டாக்டரம்மா போகிற போக்கில் சொன்னதுதான். இவள் அதை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் கணவர். ஊரில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். ஒற்றைக் காரை வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். வெள்ளைக் கார், முன்னும் பின்னும் சிவப்பு எழுத்துப் பலகை. அவர் உட்காரும் பக்கம் தனியாக ஒரு பிரேக், தனியாக ஒரு கிளட்ச். இருபது வருஷமாக அந்த இடத்துப் பெல்டில் உரசி உரசி அவருடைய சட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில் கிழிந்தன. கல்லூரியில் சேரப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, "படி. யார் வேண்டாம்னா?" என்றார். பத்தாம் வகுப்பில் இருந்த மகள்தான், "அம்மா, நான் காலேஜ் வர்றதுக்குள்ள நீ முடிச்சிடு. ரெண்டு பேரும் ஒண்ணா படிச்சா எனக்கு மானம் போயிடும்" என்றாள்.

வகுப்பில் அவளுக்கு 'டோக்கன் அக்கா' என்று பேர் விழுந்தது. கேலியாக ஆரம்பித்து மரியாதையாக மாறிய பேர். பகலெல்லாம் கடையிலும் கிடங்கிலும் வேலை செய்துவிட்டு வரும் பிள்ளைகள் அவர்கள். ஏழு மணிக்கு மேல் பாதிப் பேருக்குத் தலை ஆடும். பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு, தேய்மானம் என்று சார் கரும்பலகையை நிரப்புவார். டோக்கன் அக்கா தூங்காமல் இருக்கப் பேனாவின் முனையால் உள்ளங்கையைக் குத்திக்கொள்வாள். உள்ளங்கையில் எப்போதும் நீலப் புள்ளிகள் இருந்தன.

படிக்க அவளுக்குக் கிடைத்த இடம் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறை. கதவு மூடக்கூடிய அறை அது ஒன்றுதான். மதியம் டாக்டர்கள் சாப்பிடப் போனதும் அங்கே போய், யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல் படத்துக்குக் கீழே நோட்டை விரிப்பாள். சில நாள் படிப்பாள். சில நாள் நோட்டின் மேல் கன்னத்தை வைத்து இருபது நிமிஷம் செத்துக் கிடப்பாள். புள்ளியியல் பேப்பரில் இரண்டு தடவை பெயில். பெயிலான அன்றும் மறுநாள் எட்டரை மணிக்கு மேசையில் உட்கார்ந்து, "யாருங்க அடுத்தது?" என்றாள்.

ஐந்தாம் செமஸ்டரில் புராஜெக்ட் வந்தது. நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்னத் தொழிலை எடுத்து, அதன் செலவுக் கணக்கை அலசி, அது பிழைக்குமா என்று சொல்ல வேண்டும். அவள் குழுவில் மூன்று பிள்ளைகள். ஒருவன் நெட்டையன், ஒருத்தி கண்ணாடிக்காரி, இன்னொருவன் வாயே திறக்காதவன். மூன்று பேரும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். சலூன்காரர் கத்தரியை நீட்டியபடி, "வரி ஆபீஸ்லேருந்து வந்தியா? உண்மையைச் சொல்லு" என்றார். செருப்புக்கடைக்காரர் கணக்கு நோட்டைக் கேட்டதும் கடையையே சாத்திவிட்டார்.

"எங்க வீட்ல ஒண்ணு இருக்கு" என்றாள் டோக்கன் அக்கா, வேறு வழியில்லாமல்.

மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். "என் ஸ்கூலைப் பத்தி காலேஜ்ல படிக்கப்போறாங்களா?" என்று மூன்று தடவை கேட்டார். அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஆறு வருஷத்து டைரிகளை இறக்கி, தூசி தட்டி, வருஷவாரியாக அடுக்கிக் கொடுத்தார். யார் எந்தத் தேதியில் சேர்ந்தார்கள், பெட்ரோல் லிட்டர் என்ன விலை, எப்போது கிளட்ச் பிளேட் மாற்றினார், எல்லாம் பொடி எழுத்தில் இருந்தது. பிள்ளைகள் போட்டோ எடுக்க வந்த ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவி, ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு பானெட் மேல் கை வைத்து நின்றார். "சிரிங்க மாஸ்டர்" என்றாள் கண்ணாடிக்காரி. அவர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

கணக்கை எக்ஸ்ரே அறையில் அவள் போட்டாள். பணமாக எழுதினால் பிள்ளைகளுக்குக் குழம்பும் என்று, கற்றுக்கொள்ள வருகிறவர்களின் எண்ணிக்கையாகவே போட்டாள். மாதத்துக்குச் சராசரியாகப் பதின்மூன்று பேர் வருகிறார்கள். அதில் எட்டுப் பேருடைய பணம் பெட்ரோல், ரிப்பேர், இன்சூரன்ஸ், ஆபீஸ் வாடகை என்று போய்விடுகிறது. மிச்சம் ஐந்து பேர். இத்தனை வருஷமாகக் குடும்பம் அந்த ஐந்து பேரில்தான் ஓடியது. ஆனால் கார் தேய்கிறதே? இந்தக் கார் விழுந்தால் இன்னொரு கார் வாங்க மாதாமாதம் நான்கு பேருடைய பணத்தை எடுத்து வைத்திருக்க வேண்டும். ஒரு பைசா எடுத்து வைக்கவில்லை.

ஆக, காலை ஆறு மணியிலிருந்து மாலை வரைக்கும் மற்றவர்கள் தவறாக மிதிக்கும்போதெல்லாம் தான் சரியாக மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு, மாதத்துக்கு ஒரே ஒரு ஆள் கட்டும் பணம்தான் சம்பளம். பள்ளிக்கூட வேன் ஓட்டினால் அதைப்போல ஏழு மடங்கு வாங்கலாம்.

அவள் மூன்று தடவை கூட்டினாள். நான்காவது தடவை கூட்டவில்லை. 'மாசாமாசம் அந்தக் காரைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம்' என்று தோன்றியது. வெளியே மணி அடித்தது. யாரோ பல்வலிக்காரர். எழுந்து போனாள்.

வகுப்பில் வாசித்த அன்று ஸ்கூலுக்குப் பேர் சொல்லவில்லை. 'ஒரு பயிற்சிப் பள்ளி' என்று மட்டும் போட்டிருந்தார்கள். நெட்டையன் திரையில் வரைபடம் காட்டி மளமளவென்று பேசி முடித்தான். சார் கேட்டார்: "சரி, இந்த ஓனருக்கு நீங்க என்ன ஆலோசனை சொல்றீங்க?"

"மூடிட்டுப் போய்த் தூங்கலாம் சார்" என்றான் நெட்டையன். வகுப்பே சிரித்தது. சிரித்து முடிக்கும்போதுதான் அவனுக்கு அக்கா பக்கத்தில் நிற்பது ஞாபகம் வந்தது. முகம் சுருங்கிப் போயிற்று.

சார் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

"முதல்ல ஓனர்கிட்ட சொல்லணும் சார். அவருக்கு இன்னும் தெரியாது" என்றாள்.

நாற்பதுக்கு முப்பத்தெட்டு வந்தது. அந்த மூன்று வருஷத்தில் அவள் வாங்கிய மார்க்கிலேயே அதுதான் அதிகம். வெளியே வந்ததும் நெட்டையன், "அக்கா, சத்தியமா வேணும்னு சொல்லலக்கா" என்றான். "தெரியும்டா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மாஸ்டர் தினமும் கேட்டார். "என்ன சொன்னாங்க? நல்லா இருக்குன்னாங்களா?" அவள், "மார்க் நல்லா வந்திருக்கு" என்பாள். அது பொய் இல்லை. பதினோரு நாள் அப்படியே ஓட்டினாள். வேலை, வகுப்பு, சமையல் எல்லாம் முடிந்த பிறகு இதையும் தொடங்க உடம்பில் தெம்பு இல்லை என்பதும் ஒரு காரணம்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. மருத்துவமனை பாதி நாள். கடைசி ஆளை இறக்கிவிட்டு மாஸ்டர் அவளை அழைத்துப்போக வந்தார். ஓட்டிப் பழகும் மைதானத்தின் ஓரத்தில் காரை நிறுத்தி இரண்டு பேரும் தண்ணீர் குடித்தார்கள். அங்கேதான் சொன்னாள். எட்டு, நான்கு, ஒன்று என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "வண்டி ஒருநாள் நிக்கும்னு எனக்கும் தெரியும். நிக்கிற அன்னைக்குப் பார்த்துக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

"நின்ன பிறகு என்ன பண்ண முடியும்?"

அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார். "காலேஜ்ல சிரிச்சாங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "சிரிச்சாங்க" என்றாள். "உங்க பேர் தெரியாது. ஆனா சிரிச்சாங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேச்சில்லை. அதற்குப் பிறகும் ஒன்பது நாள் இல்லை. சாப்பாட்டுத் தட்டை அவரே எடுத்துக்கொண்டார், அவரே கழுவி வைத்தார். மகள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் காலேஜுக்கு வேற பாடம் எடுத்துக்கறேன்பா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

பத்தாம் நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது மகள் மேசையில் புராஜெக்டை விரித்து வைத்து, ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கையில் பென்சில். இவளைப் பார்த்ததும், "இங்க வா. கணக்கு தப்பு" என்றார்.

"எங்க?"

"ஒரு ஆளுக்கு இருபது கிளாஸ்னு போட்டிருக்க. இருபதுல யாரு கத்துக்கறா? பயந்தவங்களுக்கு மூணு நாலு கிளாஸ் சும்மா எடுப்பேன். லாரியைப் பார்த்தா கண்ணை மூடிக்கிற ஒரு டீச்சரம்மாவுக்கு இருபத்தொன்பது எடுத்தேன். அந்தப் பெட்ரோல் இதுல எங்க இருக்கு?"

அவள் பென்சிலை வாங்கி ஓரத்தில் போட்டுப் பார்த்தாள். பெட்ரோல் கூடியது. ஒன்றாக இருந்த அந்தக் கடைசி ஆளும் ஏறக்குறையக் காணாமல் போனார்.

"இன்னும் மோசம்" என்றாள்.

"அதான் சொல்றேன்" என்றார் அவர், ஏதோ ஜெயித்த மாதிரி. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த டீச்சரம்மா இப்ப ஓட்டறாங்களா?" என்று கேட்டாள். "ஓட்டறாங்களே. போன மாசம் என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போனாங்க" என்றார். அன்றைக்கு அவர் தட்டை அவள்தான் கழுவினாள்.

இரண்டு மாதம் கழித்து, புதிதாக யாரையும் சேர்க்காமல் இருந்தவர்களை மட்டும் முடித்து அனுப்பிவிட்டு, கார் ஓடுகிற நிலையில் இருக்கும்போதே விற்றார். வாங்கியவன் அந்த இரண்டாவது பிரேக்கையும் கிளட்சையும் கழற்றித் தரச் சொன்னான். மெக்கானிக் கழற்றும்போது மாஸ்டர் அங்கே நிற்கவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார். ஒரு பெரிய சரக்கு லாரி நிறுவனத்தில் புது டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. சாம்பல் நிறச் சீருடை, கழுத்தில் அட்டை, மாதச் சம்பளம். எல்லாருக்கும் பதினைந்து கிளாஸ்தான். பதினாறாவது கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. முதல் மாதம் அதைப் பற்றியே புலம்பினார். பிறகு புலம்புவதும் குறைந்தது. ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்து செய்தி பார்த்தபடியே தூங்கிப்போனார்.

டாக்டரம்மாவின் இரண்டாவது கிளினிக் திறந்தது. நிர்வாகத்துக்கு அவருடைய தங்கை மகன் வந்தான். "நீ இன்னும் முடிக்கலையேம்மா, ஒரு பேப்பர் நிக்குதே" என்றார் டாக்டரம்மா, உண்மையிலேயே வருத்தப்பட்டு. அது புள்ளியியல். மற்றவர்கள் எல்லாம் பட்டம் வாங்கிப்போன பிறகு அவள் தனியாக இன்னும் ஒரு வருஷம் அந்த ஒரு பேப்பரோடு மல்லுக்கட்டினாள். நெட்டையன் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். அவனும் அதில் ஒரு தடவை பெயிலானவன்தான்.

முடிவு வந்த அன்று காலை பதினோரு மணி. மேசைக்கு முன்னால் ஒரு பெரியவர் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் போனைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. நாற்பது எடுத்தால் போதும். பெரியவருக்கு டோக்கன் கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டு மாஸ்டருக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை, பயிற்சியில் இருப்பார். டீ இடைவேளையில் அவரே கூப்பிட்டார்.

"என்னாச்சு?"

"பாஸ்."

"எவ்வளவு?"

"நாப்பத்தொண்ணு."

அந்தப் பக்கம் லாரி பின்னால் வரும் சத்தமும், யாரோ "நிறுத்து, நிறுத்து" என்று கத்துவதும் கேட்டன. "ஒண்ணு கூடவே வந்திருக்கே" என்றார் மாஸ்டர். பிறகு, "நாளைக்கு லீவு போட்டுக்கோ. நானும் போடறேன். எங்கயும் போக வேண்டாம், வீட்ல இருக்கலாம்" என்றார்.

அவள் லீவு எழுதிக் கொடுத்தாள். மறுநாள் இரண்டு பேரும் பத்து மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. மகள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் கல்லூரிக்குக் கிளம்பிப் போனாள்.