செவ்வந்தித் தேநீரும் ஒரு மன்னிப்பும்

போன வாரம் ஓர் எண்பத்தாறு வயது அம்மாவைத் திட்டிவிட்டேன்.

நான் ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். அன்று தொடர்ந்து ஒன்பதாவது நாள் வேலை. இரண்டு பேர் சுகமில்லை என்று லீவு. காலைச் சாப்பாடு முடிவதற்குள் அந்த அம்மா, ஃப்ராவ் கெல்லர் (‘ஃப்ராவ்’ என்றால் திருமதி), ஐந்தாவது தடவை பெல் அடித்தார். ஓடினேன். ஜன்னல் திரையை ஒரு சாண் தள்ளிவிட வேண்டுமாம்.

“உங்களுக்கு வேறை வேலையே இல்லையோ?” – கத்திவிட்டேன். (பேச்செல்லாம் ஜெர்மன் மொழியில்தான் நடந்தது. என் யாழ்ப்பாணத் தமிழில் எழுதுகிறேன்.)

உண்மையில் இல்லைதான். அதுதானே அவருடைய கஷ்டம்! கையிலிருந்த பெல் பொத்தானைப் போர்வை மேல் வைத்துவிட்டு மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். அந்தக் கை... இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வெளியே வந்தால் லின் நிற்கிறாள். எங்கள் சமையலறையில் வேலை செய்யும் சீனப் பெண். எல்லாம் கேட்டிருக்கிறது. கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

“இதிலை இருங்கோ அக்கா.”

“எனக்கு நேரமில்லை லின்.”

“கோபம் ஈரலிலைதான் இருக்கு. அங்கை சூடு ஏறினால் இப்பிடித்தான் வெடிக்கும். சாப்பாட்டாலைதான் இறக்க வேணும்.”

சூடு, குளிர்ச்சி... நமக்குத் தெரியாத பாஷையா? ஆனால் அவள் திறந்த டப்பாவைப் பார்த்து முழித்தேன். காய்ந்த செவ்வந்திப் பூ! நாங்கள் சாமிக்கு வைப்பதை இவர்கள் குடிக்கிறார்கள்.

கண்ணாடிக் குவளையில் ஏழெட்டுப் பூ. கொட்டை எடுத்த சீன இலந்தைப் பழம் இரண்டு. சிவப்பு கோஜிப் பழம் கொஞ்சம். ஒரு சின்னக் கற்கண்டு. கொதித்துச் சற்று ஆறிய தண்ணீர். ஊற்றி மூடினாள். பத்து நிமிடம் தொடக்கூடாதாம்.

பத்து நிமிடம்! வேலை நேரத்தில் சும்மா உட்கார்ந்து எத்தனை வருடம்? முதலில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு கண்ணாடிக்குள் பூக்கள் ஒவ்வொன்றாக விரிவதைப் பார்த்தேன். காரணம் கேட்காதீர்கள் – அழுகை வந்துவிட்டது. லின் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுவும் வைத்தியம்தான்.

குடித்தேன். லேசான கசப்பு, பின்னால் இனிப்பு. களைப்புப் போய்விட்டதா? பொய் சொல்ல மாட்டேன், இல்லை. ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது.

நர்ஸிடம் கேட்டுவிட்டு, இன்னொரு குவளையோடு ஃப்ராவ் கெல்லரிடம் போனேன்.

“நான் அப்பிடிக் கத்தியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அவர் குவளைக்குள் உற்றுப் பார்த்தார்.

“இது செவ்வந்தி எல்லோ? இங்கை இதைக் கல்லறையிலைதான் வைக்கிறது. என்னை அனுப்ப அவ்வளவு அவசரமோ பிள்ளை?”

விறைத்துப் போனேன். அவரோ பல் செட் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மிடறு குடித்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“திரை எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை. ஆரும் ஒருக்கா வந்து எட்டிப் பாத்தால் போதும்.”

ஐந்து பெல்லுக்கும் இதுதான் அர்த்தம்! அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சும்மா ஓடி ஓடியே களைத்துப்போகிறோம், எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று கேட்காமலே. வீட்டிலும் அப்படித்தானே?

பூவுக்கு அவ்வளவு சக்தி உண்டா? தெரியாது. உட்கார்ந்த பத்து நிமிடத்துக்கு உண்டு.

குவளையோடு திரும்பும்போது மேலாளர் நடைபாதையில் மறித்தார். “சனிக்கிழமையும் வாறீங்களோ?” வழக்கமாக ‘சரி’ என்று என் தலை தானாக ஆடிவிடும். அன்று வாயிலிருந்து தமிழிலேயே வந்தது – “ஏலாது!”

அவருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.