பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கஞ்சி

மகாவலி வற்றிக் கல்லும் குட்டையுமாகக் கிடந்த வருஷம் அது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று பார்த்தால், பாறைகளுக்கு நடுவே தேங்கிய தண்ணீர் பச்சை பிடித்துக் கிடக்கும். அந்தக் குட்டைகளில்தான் கொசு பெருகிக் காய்ச்சல் பரவியது என்று பிற்பாடு சொன்னார்கள். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டுக்கு வீடு ஆட்கள் போர்வைக்குள் நடுங்கிக் கிடந்ததுதான்.

என் கணவர் கடைவீதியில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கொடுக்கிற வேலையில் இருந்தார். கிராமத்து ஜனங்கள் காய்ச்சலில் படுத்துவிட்ட பிறகு துணி வாங்க யார் வருவார்கள்? முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அவர், நான், நாலு வயது மகள். மூன்று பேரையும் காய்ச்சல் மாற்றி மாற்றிப் பிடித்தது.

கடைவீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், ஒடுக்கமான சந்தில், குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் தம்பதி. அவர் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் மாட்டுவண்டி வைத்திருந்தார். நாங்கள் அவரை நானா என்று கூப்பிடுவோம். அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றத் தொடங்கியதும், அவர் மனைவி என்னை வந்து கூப்பிட்டாள்.

“புள்ள, நாங்க கஞ்சிக்குப் போறோம். நீங்களும் சட்டிய எடுத்துக்கிட்டு வாங்களேன்.”

நான் பதில் சொல்வதற்குள், உள்ளேயிருந்து என் கணவர் வாசலுக்கு வந்துவிட்டார். ஒழுங்கையில் சட்டியோடு நின்ற நானாவைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“கையி காலு இருக்கிறவன் கவர்மெண்டுக் கஞ்சிக்கு வரிசையில நிப்பானா? இன்னிக்கிக் கஞ்சி ஊத்துவான், நாளைக்கு வாயில ஊட்டி விடச் சொல்லுவீங்களா? போங்க, போய் நில்லுங்க. எங்களக் கூப்பிடாதீங்க.”

நானாவுக்கும் காய்ச்சல் விட்டு எழுந்த உடம்புதான். மனைவியைப் பார்த்து, “வா போவம்” என்று மட்டும் சொல்லிவிட்டு மெதுவாக நடந்தார்.

என் கணவரைக் குறை சொல்வது எளிது. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர். சிறு வயதிலேயே கண்டிக்கு வந்து, கடைத் தரையைக் கூட்டி, துணி மடித்து, அளவுகோலைக் கையில் வாங்கியவர். யாரிடமும் கை நீட்டியதில்லை என்பது ஒன்றுதான் அவருக்குச் சொத்து. கோயிலில் பூசை முடிந்து வெளியே நிற்கும்போதும் அதைத்தான் பேசுவார். நானும் அதைப் பெருமையாகக் கேட்டுக்கொண்டு நின்றவள்தான்.

ஆனால் அரிசிப் பானை அதையெல்லாம் கேட்கவில்லை. மகளுக்கு வயிறு உப்பி, கைகால் குச்சியாகிவிட்டது. அவள் பசி என்று அழுவதையும் நிறுத்திவிட்டாள். அதைக் கண்டபோது எனக்குப் பயம் பிடித்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போனால் ஒழுங்கையே பார்க்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம், கண்டிக்குப் போகிற ரோட்டில், ஒரு பழைய வண்டிக் கொட்டகையிலும் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் படுத்திருந்த நேரம் பார்த்து, சட்டியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து கஞ்சியை எங்கள் பானையில் மாற்றி ஊற்றி, அடுப்பை மூட்டிப் புகை கிளப்பி, நானே காய்ச்சியதுபோலக் கொடுத்தேன். அவர் குடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் போனேன்.

அதற்கடுத்த நாள் நான் சட்டியை நிறைத்துக்கொண்டு திரும்புகையில், ஆண்கள் வரிசையில் ஒரு குடையைப் பார்த்தேன். வெயிலுக்குப் பிடித்த குடை அல்ல அது. முகத்தை மறைக்கத் தாழப் பிடித்த குடை. அதன் கீழே தெரிந்த வேட்டியை நான்தான் துவைத்துக் காயப்போட்டிருந்தேன்.

கஞ்சி கொடுப்பதை மேற்பார்வை செய்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். அவர் குடைக்காரரிடம் எந்த இடம், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டது என் காதில் விழுந்தது. பதிலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

“உந்த ஒழுங்கையில இருந்து இப்பதானே ஒரு அம்மா வாங்கினவ. அவவும் மூண்டு பேர் எண்டுதான் சொன்னவ. நீங்கள் அவவுக்கு ஆர்?”

என் கணவர் குடையை உயர்த்தினார். என்னைப் பார்த்தார். காய்ச்சலில் பழுத்த கண்கள்.

“அவங்கள எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

இரண்டு வரிசையும் எங்களைத்தான் பார்த்தது. நான் பேசாமல் நடந்திருந்தால் அவர் மானம் தப்பியிருக்கும். ஆனால் ஒரு வீட்டுக்கு இரண்டு சட்டி வாங்கிய திருட்டு எங்கள்மேல் ஏறியிருக்கும்.

“அவரு என் வீட்டுக்காரருங்க” என்றேன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. அவர் கேட்டதுதான் சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

“உங்கட பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே குடுக்கினம். காய்ச்சலோட ஏன் இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?”

என் கணவர் குடையை மடக்கிக்கொண்டு வரிசையை விட்டு விலகினார்.

பாலத்தில் அவர் முன்னே, நான் பின்னே நடந்தோம். பாதியில் நான் பின்தங்கிவிட்டேன். அவர் திரும்பி வந்து சட்டியை வாங்கிக்கொண்டார்.

“நீ எப்பயிருந்து வர்ற?”

“முந்தாநாள்ல இருந்து.”

“அரிசிப் பானையத் தொறந்து பாத்தேன். அது காலியாகி மூணு நாளு இருக்கும். நீ அலையக் கூடாதுன்னுதான் இன்னிக்கி நானே வந்தேன்” என்றார்.

அப்படியானால் கஞ்சி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேதான் குடித்திருக்கிறார். நான் மறைத்ததைத் தெரியாததுபோல விட்டிருக்கிறார். அந்தப் பாலத்தில் பட்ட வெட்கத்தைப் போல வாழ்க்கையில் வேறெங்கும் பட்டதில்லை. வரிசையில் சிரித்தவர்களுக்காக அல்ல. எங்கள் வீட்டுக்குள்ளேயே நாங்கள் ஒருவருக்கொருவர் போட்ட வேஷத்துக்காக.

மறுநாள் இருவருமாகப் பள்ளிக்கூடத்துக்கே போனோம். நானா அங்கே இல்லை. அவருக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டது. காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா மருந்தும் வயிற்றில் தங்கவில்லை. அந்த வாரமே மௌத்தாகிவிட்டார். என் கணவர் தள்ளாடிக்கொண்டே அடக்கம் செய்கிற மையவாடி வரை ஜனாஸாவின் பின்னால் போய், வெளியே நின்றுவிட்டுத் திரும்பினார். வாசலில் வைத்துச் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க இனி ஆளில்லை.

நானாவின் மனைவி, கணவன் இறந்ததால், இத்தாவில் இருந்தாள். நாலு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாத நாட்கள் அவை. அவளுக்குக் கஞ்சி யார் கொண்டு வருவது? பள்ளிக்கூடத்தில் ஆள் நேரில் வந்தால்தான் ஊற்றுவோம் என்றார்கள். தனக்காக வாய் திறந்து ஒரு வாய்ச் சோறு கேட்காத என் கணவர், அவளுக்காக அங்கே நின்று வாதாடினார். கடைசியில் சரி என்றார்கள். அன்றிலிருந்து வலது கையில் எங்கள் சட்டி, இடது கையில் அவள் சட்டி. மூடி கிடையாது, குடையும் கிடையாது. “பெரிய பேச்சுப் பேசினவரு, இப்ப ரெண்டு பங்கு வாங்குறாரு” என்று ஒழுங்கையில் பேசிக்கொண்டார்கள். அவர் காதிலும் விழுந்தது. மறுநாளும் அதே இரண்டு சட்டியோடு போனார்.

மழை வந்தது, ஆறு நிறைந்தது, காய்ச்சலும் ஓய்ந்தது. மகள் மெல்ல மெல்ல உடம்பு தேறினாள். கடை திறந்தார்கள், அவரும் வேலைக்குத் திரும்பினார். பிறகு அரசாங்கம் சும்மா கொடுக்கிறதைப் பற்றி யார் என்ன பேசினாலும், அவர் வாய் திறந்து நான் கண்டதில்லை.

இத்தா முடிந்ததும், அவளுடைய சகோதரன் அக்குறணையிலிருந்து வண்டி கொண்டுவந்தான். புறப்படும்போது அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

“எங்களால ஒங்களுக்கும் கெட்ட பேரு. ஒங்க வீட்டாரு அன்னைக்கி வாசல்ல சொன்னது சரிதான். மத்தவங்களுக்குப் பாரமா இருக்கப்படாது” என்றாள் என்னிடம்.

அவர் உள்ளே கதிரையில் உட்கார்ந்துதான் இருந்தார். எழுந்து வந்து இல்லை என்று ஒரு சொல் சொல்லுவார் என்று காத்திருந்தேன். நான் சொல்லியிருக்கலாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, என் வாயிலிருந்தும் ஒன்றும் வரவில்லை.

வண்டி ஒழுங்கை முனையில் திரும்பிய பிறகு உள்ளே போனேன். அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.