ஆறு மாதத்தில் வருகிறேன் என்று போனவர் வந்துவிட்டார்

இன்றைக்குக் காலை பதினோரு மணி. வஞ்சிரம் தோசைக்கல்லில் கிடக்கிறது.

கடை வாசலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பி. தலையெல்லாம் முடி, தோளில் துணிப்பை. என் கடை போர்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இது என்னோட பலகை" என்றார் இங்கிலீஷில்.

(மீன் கருகிவிட்டது. அந்த இரண்டு பிளேட்டுக்காகக் காத்திருந்தவர்கள் மன்னிக்கவும்.)

நம் நாடு மொத்தமும் அப்படியே 1975-இல் போய் விழுந்து மூன்று மாதம் ஆகிறது. நமக்கு உள்ளே எதுவும் மாறவில்லை. செல்போன் இருக்கிறது, கூடுவாஞ்சேரி டிராஃபிக்கும் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால்தான் 1975.

சிறுசேரியில் வேலை பார்க்கும் என் தம்பி, இமெயில் என்றால் என்னவென்று வெளிநாட்டு க்ளையன்டுக்குத் தபாலில் விளக்கிக்கொண்டிருக்கிறான்.

ஆளாளுக்கு ஒரு கவலை. எங்கள் நைனாவுக்கு மட்டும் பலகைக் கவலை.

நைனா பெயர் ஏழுமலை. வயது எழுபத்து மூன்று. மாமல்லபுரம் குப்பத்தில் பிறந்து, முட்டி தேயும்வரை கடலுக்குப் போனவர்.

அவருக்கு இருபத்து மூன்று வயதாக இருந்தபோது மார்ட்டின் என்று ஓர் ஆஸ்திரேலியாக்காரர் வந்து நான்கு மாதம் எங்கள் குப்பத்தில் தங்கியிருக்கிறார். கையில் ஒரு பலகை, அலை மேல் நின்று சறுக்கும் சர்ஃப் போர்டு. ஊரே வாய் பிளந்து பார்த்ததாம். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடும் அளவுக்குச் சேர்ந்துவிட்டார்கள்.

ஊருக்குப் போகும்போது பலகையை நைனாவிடம் கொடுத்து, ஆறு மாதத்தில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். நைனா சும்மா இருந்திருக்கலாம். கன்னியம்மன் கோயில் வாசலில் கையடித்து, ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டார்.

மார்ட்டின் வரவில்லை. ஆறு மாதம் போய் ஐம்பது வருஷம் ஆயிற்று.

முதல் இரண்டு வருஷம் சாக்கில் சுற்றிப் பரணில் இருந்ததாம். ஒரு புயலில் வாசல் கதவு போனதும் இதுதான் கதவு. அப்புறம் அம்மா இதில் நெத்திலி காயவைத்தாள். ஒவ்வொரு தடவையும் நைனா ஈரத்துணியால் துடைத்துக் கீறல் பார்ப்பார். வலையில் மீன் படாத நாளெல்லாம் திரும்பி இதைத்தான் பார்ப்பார்.

கடைசியில் நான் கடை போட்டேன். மேலே இரண்டு ஓட்டை போட்டு, ஆணியில் மாட்டி, 'கடலரசி மீன் வறுவல்' என்று சிவப்பில் எழுதி, ஒரு வஞ்சிரமும் வரைந்து, கீழே என் செல் நம்பர் போட்டேன்.

நைனா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஆள் இருந்தால் எழுபது தாண்டியிருக்கும், இனிமேலா வரப்போகிறார் என்று சிரித்தேன்.

பிறகுதான் நாடு 1975-இல் விழுந்தது. ஊரே அழுதுகொண்டிருக்க, நைனா விரல் விட்டு எண்ணினார்.

"அவன் போயி மூணு மாசம்தான் ஆவுது. இன்னும் மூணு மாசம் கீது. போர்ட கழட்டு."

நான் கழற்றவில்லை. புது போர்டு போட யாருக்கு நேரம்? இன்றைக்கு அந்த மூணாவது மாசமும் முடிந்து, அந்தத் தம்பி என் வாசலில் நிற்கிறார்.

ஏழுமலை எங்கே என்று கேட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, நான் ஏழுமலையின் மனைவியா என்று கேட்டார்.

(எனக்கு நாற்பத்து நான்கு. அடுப்பு வேலை, வேறென்ன சொல்ல.)

நைனாவுக்குப் போன் செய்தேன். பத்து நிமிஷத்தில் வந்தார். பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை.

மார்ட்டினுக்கு ஆள் தெரியவில்லை. யாரோ பெரியவர் என்று நினைத்துக் கும்பிட்டார்.

நைனா சொன்னார். "இன்னா மச்சான், ஆறு மாசம்னு சொல்ட்டு போன."

அந்தக் குரலைக் கேட்டதும் மார்ட்டின் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். எனக்கும் அழுகை வந்தது, வெங்காயம் என்று சமாளித்தேன்.

நைனா அழவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ரெண்டு ஓட்ட கீது. எம் பொண்ணு போட்டது. நான் வாணாம்னுதான் சொன்னேன்."

ஐம்பது வருஷ சத்தியம். பொசுக்கென்று என்னை மாட்டிவிட்டார்.

மார்ட்டின் ஓட்டையைப் பார்க்கவே இல்லை. நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். ஊரில் வேலை கிடைத்துவிட்டதாம். திரும்பி வரும் எண்ணமே இல்லையாம், பலகை போனால் போகட்டும் என்றுதான் இருந்தாராம். இந்தியா ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது என்று ரேடியோவில் கேட்டதும், ஏழுமலை உயிரோடு இருக்கிறானா என்று பார்க்க ஓடிவந்தாராம்.

நைனா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மீன் வைக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

(நைனாவுக்கு மச்சான் என்றால் எனக்கு மாமா. இருபத்து நான்கு வயசு மாமாவுக்கு முள் எடுத்துக் கொடுத்தேன்.)

கிளம்பும்போது மார்ட்டின், பலகை இங்கேயே இருக்கட்டும், ஆறு மாதத்தில் மறுபடி வருகிறேன் என்றார்.

நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம் மச்சான். எடுத்துகினு போயிடு. ஒன் ஆறு மாசத்த இன்னொரு தபா என்னால தாங்க முடியாது."

அவரே ஏணி வைத்து ஏறி, முட்டி வலியோடு, போர்டைக் கழற்றிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் இன்னும் எழவில்லை, நன்றாகக் குறட்டை விடுகிறார்.

ஆக, 1975 ஆஸ்திரேலியாவில், அலை மேல், 'கடலரசி மீன் வறுவல்' போகப்போகிறது. கீழே என் பத்து இலக்க செல் நம்பரோடு. அதற்கு எப்படிப் போன் போடுவது என்று அங்கே எவருக்கும் தெரியாது.

செங்கல்பட்டுப் பக்கம் நல்ல போர்டு பெயின்டர் யாராவது இருந்தால் கமென்டில் சொல்லுங்கள்.

அதுவரை சாப்பிட வருகிறவர்கள் பெயரைத் தேட வேண்டாம். சுவரில் இரண்டு ஆணி மட்டும் தெரியும் கடைதான் நம்ம கடை.