பந்தல் ஏறாத கொடி

குற்றாலத்தில் ஒரு துரை பங்களாவில் அப்பா மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துரை சீமைக்குக் கிளம்பியபோது வேலைக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சாமான் கிடைத்தது. சமையல்காரருக்கு நாற்காலி, தோட்டக்காரருக்குக் கம்பளி. அப்பாவுக்கு மட்டும் துரைசானி பங்களாச் சுவரில் படர்ந்திருந்த கொடியில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதை ஈரத்துணியில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் தென்காசிக்குக் கொண்டுவந்தார்.

"இது பேரு ஐவி. மூணு மாடி ஏறுமாம்" என்றார்.

அம்மா எங்கள் வீட்டு ஓட்டுக்கூரையை ஒரு பார்வை பார்த்தாள். "நமக்கு ஒரு மாடியே இல்லையே, அது எங்கன போயி ஏறும்?" என்று கேட்டுவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதற்கு முந்தைய வருஷம்தான் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு முருங்கை மரத்துக்காகச் சண்டை போட்டுப் பாகம் பிரித்திருந்தார்கள். புழக்கடை நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மண்சுவர் எழும்பியது. யாரும் யாரோடும் பேசக்கூடாது என்று இரண்டு பேருமே உத்தரவு போட்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், பெரியம்மா என் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. அக்காளும் தங்கையுமாக ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள், ஒரே அடுப்பில் பொங்கியவர்கள். இப்போது அம்மாவுக்குப் பெரியம்மாவின் இருமல் மட்டும்தான் கேட்கும். இருமல் கேட்ட நாளெல்லாம் அம்மா சரியாகச் சாப்பிட மாட்டாள்.

அப்பா எங்கள் பாகத்துப் புழக்கடை நடுவில் வெயில் படும் இடமாகப் பார்த்துக் கொடியை ஊன்றினார். கொடி என்றால் பந்தல் வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நியாயம். புடலைக்கும் அவரைக்கும் போடுவதைவிட உசத்தியாக மூங்கிலில் பந்தல் போட்டார். கொடிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பல மாதம் சும்மா கிடந்தது. பிறகு மெல்லத் தலையெடுத்து, மூங்கிலை ஏறிட்டும் பாராமல் தரையோடு தரையாக ஊர்ந்தது. அப்பா தினமும் காலையில் அதைத் தூக்கி வாழைநாரால் பந்தல்காலில் கட்டுவார். சாயங்காலம் பார்த்தால் நுனி மறுபடி கீழே கிடக்கும்.

பெரியப்பா எப்படியோ எட்டிப் பார்த்துவிட்டார். நேரே பேச முடியாதல்லவா, தம் பசுமாட்டிடம் பேசினார்.

"ஏட்டி லெச்சுமி, பாத்தியா கூத்த. பூவும் கெடையாது, காயும் கெடையாது. அதுக்கு ஒரு பந்தலாம்!"

அப்பா உடனே முருங்கை மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "சீமைச் செடியோட அருமை மாடு மேய்க்கிறவனுக்கு எங்கலே தெரியப் போவுது?" மாடும் மரமும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டன.

சாரல் தொடங்கியதும் கொடிக்கு வெறி பிடித்தது. வெயிலை விட்டு விலகி, நிழல் விழுந்த மண்சுவரைத் தேடிப் போனது. சுவரைத் தொட்டதுதான் தாமதம், பூரானுக்குக் கால் முளைத்தாற்போலத் தண்டெல்லாம் சின்னச் சின்ன வேர் விட்டு அப்பிக்கொண்டது. தரையில் கொட்டைப் பாக்களவு இருந்த இலை, சுவரில் ஏற ஏற என் உள்ளங்கையளவு விரிந்தது. அடுத்த சாரலுக்குள் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் தொங்கத் தொடங்கிவிட்டது.

கொடியைச் சட்டை செய்யாத அம்மாவுக்கு அப்போதுதான் அதன்மேல் திடீர் பாசம் வந்தது. அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் விளக்கிய தண்ணீர், எல்லாவற்றையும் சுவரடியில் கொண்டுபோய் ஊற்றினாள். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "எம்மா, வேரு அங்கன பந்தக்கால்ல இருக்கு. நீ இங்கன சுவத்துக்கு ஊத்துதியே?"

"எங்க ஊத்தணும்னு எனக்குத் தெரியும். நீ போயி வெளையாடு."

சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா கொடியை வெட்ட அரிவாளோடு வந்தார். பெரியம்மா தடுத்தது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. "வெட்டுனா நாலாக் கெளைக்கும். நான் தெனம் அடியில கொதிகஞ்சி ஊத்துதேன், தன்னால சாவும்." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆக, இங்கே கொடி வளரவும் அங்கே கொடி சாகவும் தினமும் தண்ணீர் விழுந்தது.

ஆடிச் சாரல் நசநசவென்று பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் சுவர் உட்கார்ந்துவிட்டது. அடிப்பக்கம் கூழாகக் கரைந்து போக, கொடி பற்றியிருந்த மேல்பாகம் மட்டும் உடையாமல் ஒரே பாளமாகச் சரிந்து கிடந்தது. எல்லாரும் ஓடி வந்தோம்.

பெரியப்பாதான் முதலில் வாய் திறந்தார். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, மாட்டிடம் சொல்லாமல் அப்பாவிடமே சொன்னார். "ஏலே, ஒன் கொடி சுவரத் தள்ளிட்டுலே."

அப்பாவும் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமண்ணே. வெள்ளக்காரன் குடுத்ததுல்லா, நம்பியிருக்கக் கூடாது" என்றார்.

அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொடியை வேரோடு பிடுங்கினார்கள். பிறகு யார் செலவில் சுவர் வைப்பது என்று தொடங்கிய பேச்சு கடைசிவரை முடியவில்லை, சுவரும் எழும்பவில்லை.

அம்மாவும் பெரியம்மாவும் கொடியையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. கரைந்த மண்ணுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். "யக்கா, இருமலுக்கு எதாச்சும் குடிச்சியா?" என்று அம்மா கேட்டாள். பெரியம்மா சேற்றில் கால் வைத்து இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

நான் கொடிக்காக அழுதுகொண்டிருந்தேன். எல்லாம் அம்மாவால் வந்தது என்று எனக்கு ஒரே ஆத்திரம். வேர் எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே ஊற்ற வேண்டும் என்ற இந்தச் சின்ன விஷயம்கூட அவளுக்குத் தெரியவில்லையே என்று அன்று ராத்திரி தூங்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.