உப்புநீர்ப் பைகளும் ஒரு சாட்சியும்

கேமரன் மலையின் காலைக் குளிர் எனக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கூடுதலாக நீண்டுவந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு குவளைத் தேநீரில் விலகிவிடும். என் விஷயத்தில், தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு ஊதி, நேபாளிகள் இரண்டிரண்டு பேராய் இயந்திரம் பிடித்து இலை வெட்டச் சரிவில் இறங்கிவிட்ட பிறகும், அது மார்புக்குள் இருந்த இரண்டு பைகளில் பதுங்கியே இருந்தது. உப்புநீர்ப் பைகள். பதினைந்து வருடங்களுக்கு முன் கோலாலம்பூரில், ஒரு பேரங்காடியின் மூன்றாம் மாடியில், சுயபுத்தியோடு படுத்து வைத்துக்கொண்டவை.

யாரும் தள்ளிவிடவில்லை. இப்படிப்பட்ட கதையில் ஒரு கொடுங்கணவனைத் தேடுவார்கள், தேட வேண்டாம். சேலைக்கடையில் வேலை. வாடிக்கையாளர் முன் நின்று சேலையை என்மேல் போட்டுக் காட்ட வேண்டும். “உன் மேல போட்டா கொடில காயப்போட்ட மாரி இருக்கும்மா” என்றார் முதலாளியம்மா, இட்லியை மென்றுகொண்டே. அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒருத்தி தன்னைக் கிழித்துத் தைத்துக்கொள்வாளா? கொள்வாள். அவ்வளவு மலிவாக இருந்தேன்.

அறுவை ஒரு காலை வேளை. அதற்குப் பிறகு வருவதை ஒரு மடித்த தாளில் தருவார்கள். ஆறு வாரம் கை தூக்காதே. குப்புறப் படுக்காதே. ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வா. மார்பைப் படமெடுக்கும் இடத்தில் பை இருப்பதை முதலிலேயே சொல். பையின் எண் எழுதிய அட்டையைத் தொலைக்காதே. இறுகினால் வா, சுருங்கினால் உடனே வா. இவை ஆயுளுக்கு அல்ல, ஒருநாள் மாற்ற வேண்டிவரும். அதைப் பொடி எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரியைச் சிரிக்க விட்டிருந்தார்கள். தேயிலைச் செடி, வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும். இடுப்புக்கு மேல் போகாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நானோ வளராத ஒன்றை வளர்ந்ததாக நிறுத்திவைத்துவிட்டு அதற்குக் காவல் இருந்தேன். செடிக்காவது வெட்ட ஆள் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு முறை ஒழுங்காகப் போனேன். மூன்றாம் முறை போனபோது கிளினிக் இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்றார்கள். பிறகு சேலைக்கடையும் மூடியது. மலைக்கே திரும்பி, லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான அண்ணன் வீட்டு முன்னறையில் படுக்கை போட்டேன். எஸ்டேட் வாசலில், தேயிலையைவிடத் தங்களைப் படமெடுப்பதில் ஆர்வமுள்ள சுற்றுலாப் பயணிகளுக்குப் பொட்டலம் விற்கும் வேலை. பத்து வருடத்துக்கு மேல் எந்தப் பரிசோதனையும் இல்லை. அட்டை மட்டும் சூட்கேஸின் அடியில் பத்திரமாக இருந்தது.

போன வருடம் இடது பக்கம் இறுக ஆரம்பித்தது. பழுக்காத கொய்யா மாதிரி மேலேறி நின்றது. அண்ணியிடம் சொன்னேன்: “இடது பக்கம் கட்டி மாதிரி இருக்கு அண்ணி. ஈப்போ ஆஸ்பத்திரில காட்டணும். அண்ணன் கார்ல கூட்டிட்டுப் போவாரா?”

பை என்று சொல்லவில்லை. எங்கள் லயத்தில் பாதியைச் சொன்னால் மீதியை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். சாயங்காலத்துக்குள் எனக்குப் புற்றுநோய் வந்துவிட்டது. மறுக்க வாயெடுத்து, மறுத்தால் வேறென்ன என்று கேட்பார்களே என்று மூடிக்கொண்டேன்.

இங்கே ஒரு சட்டம் உண்டு. யாருக்கு எந்த நோய் வந்தாலும் சபையில் மூன்று வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், அதற்குப் பிறகுதான் டாக்டர். அண்ணி மூன்றாம் வெள்ளி கழிந்த திங்கட்கிழமைக்கு நாள் வாங்கினாள். ஜெபத்தை நடத்தியவர் இலை உருட்டும் இயந்திரத்தின் முன் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்ற ஒரு சிஸ்டர். கை உலக்கை. தேங்காய் எண்ணெயைத் தொட்டு, சட்டைக்கு மேலாகவே என் இடது மார்பில் வைத்து அமுக்குவார்.

“கல்லு மாரி இருக்குலா” என்பார் மற்றவர்களிடம். பிறகு ஆண்டவரிடம் குரலை உயர்த்துவார். “நீர் சபிச்ச அந்த அத்திமரம் பட்டுப்போன மாரி இதுவும் பட்டுப்போவணும் அப்பா.”

சுற்றிலும் பசித்த வாய்களின் வாடை. நான் கண்ணை மூடியிருந்தேன். பக்தி என்று நினைத்தார்கள். பதினைந்து வருடப் பழைய பிளாஸ்டிக் இன்னும் எத்தனை அமுக்குத் தாங்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வெள்ளியைத் தாங்கவில்லை. சனி மதியம் கொய்யா தொளதொளத்தது. ஞாயிறு காலை இடது பக்கம், சேலைக்கடைக்குப் போன முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படி. வலியில்லை. உப்புத் தண்ணீர்தானே, உடம்பு உறிஞ்சி வெளியே அனுப்பிவிடும் என்று அந்தத் தாளிலேயே போட்டிருந்தது. பதினைந்து வருட அழகை மூன்று முறை கழிப்பறைக்குப் போய்க் கழித்தேன்.

சபைக்குக் கிளம்பும்போது சட்டை ஒரு பக்கம் தொய்ந்ததை அண்ணி பார்த்துவிட்டாள். தொட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“கரைஞ்சிருச்சு. என்னங்க, இங்க வாங்க, கட்டி கரைஞ்சிருச்சு.”

நாங்கள் படியேறுவதற்குள் சபை முழுக்கத் தெரிந்திருந்தது. “இன்னிக்கு நீ முன்னால நின்னு, ஆண்டவர் சுகம் குடுத்தாருன்னு சாட்சி சொல்லணும்” என்றாள் அண்ணி. “நாளைக்கு ஈப்போ வேணாம்லா. சுகம் குடுத்தவர சந்தேகப்படுற மாரி ஆயிரும்.”

அந்தச் சாட்சியைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டு பக்கமும் நிறைந்திருந்த காலத்தில்கூட என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை. இவர்களுடைய முட்டாள்தனத்தை மனதுக்குள் காறித் துப்பிக்கொண்டே, அதில் கிடைக்கும் முன்வரிசை நாற்காலியை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

ஆராதனைக்கு முன், வெளியே குழாயடியில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். பேக்கிங் பகுதியில் வேலை செய்பவள், இரண்டு பிள்ளைக்காரி. ஜெபத்தில் எப்போதும் கடைசியில் உட்காருவாள்.

“அக்கா, எனக்கும் இருக்கு. வலது பக்கம், நாலு மாசமா. ஊசி குத்திப் பாக்கணும்னு நாளைக்கு ஈப்போவுக்கு வரச் சொல்லிருந்தாங்க. உங்க கார்லயே வரலாம்னுதான் அதே நாளா வாங்குனேன்.”

“சரி, வா.”

“இனிமே எதுக்குக்கா? வரலன்னு மெசேஜ் போட்டுட்டேன். ஒங்களுக்குக் கரைஞ்சிருச்சுன்னு அண்ணி சொன்னாங்கல்ல. சிஸ்டர் இந்த வெள்ளிலேர்ந்து எனக்கு ஆரம்பிக்கிறாங்க.” சிரித்தாள். பல மாதம் தூங்காத முகத்தில் அந்தச் சிரிப்பு அப்போதுதான் ஏறியிருந்தது.

பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். முன்னால் போய் நின்றேன். மைக் வேறு கொடுத்தார்கள்.

“எனக்குக் கேன்சர் இல்ல” என்றேன். “எப்பவும் இருந்ததில்ல. கோலாலம்பூர்ல இருந்தப்ப காசு குடுத்து மாருல பை வச்சிக்கிட்டேன். பிளாஸ்டிக் பை, உள்ள உப்புத்தண்ணி. அது பழசாகி உடைஞ்சிருச்சு. தண்ணி மூத்திரமாப் போயிருச்சு. யாரும் எதையும் கரைக்கல. நெசமாவே கட்டி இருக்கிறவங்க தயவு செஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

பின் வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் ஆமென் என்றார். பிறகு உலக்கைக் கை சிஸ்டரின் குரல், கிசுகிசு என்று அவர் நினைத்துக்கொண்ட அளவில்: “மூனு வெள்ளி பட்டினி கெடந்தேன்லா. ஒரு ரப்பருக்கா?”

அண்ணி முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். பாஸ்டர் அவசரமாகப் பாட்டு எண் சொன்னார். இவர்களுக்கு நான் பொய் சொன்னதைவிட எனக்கு நோய் இல்லாததுதான் பெரிய துரோகமாகப் பட்டது.

ஆராதனை முடிந்து பேக்கிங்காரியை அதே குழாயடியில் பிடித்தேன். “நம்பலன்னா தொட்டுப் பாரு. உள்ள வெறும் காலிப் பை. அட்டை இருக்கு, நம்பரு இருக்கு, காட்டவா?”

அவள் தொடவில்லை.

“வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல நீங்க” என்றாள். “ஒரு மணி நேரமாச்சும் நல்லா இருந்தேன்.”

“வர்றேன்னு திரும்ப மெசேஜ் போடு.”

“ஞாயித்துக்கெழம எவ பாப்பா?”

“பாக்கலன்னா போய் நிப்போம். காலைல ஆறு மணிக்கு வா.”

வருவாள் என்று நான் நினைக்கவில்லை. திங்கள் காலை ஆறு மணிக்கு அண்ணன் காரைக் கிளப்பியபோது, லயத்து முனையில் நின்றிருந்தாள். பின் இருக்கையில் ஏறி, சன்னலை ஒட்டி உட்கார்ந்து, மடியில் வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துக்கொண்டாள். கம்போங் ராஜா தாண்டி வளைவு வளைவாய் இறங்கிய அவ்வளவு தூரமும் என் பிடரியைத்தான் பார்த்திருப்பாள்.

ஆஸ்பத்திரியில் என் விஷயம் சீக்கிரம் முடிந்தது. இடது உறையை எடுத்தே ஆக வேண்டும், வலதும் பழசு, சேர்த்து எடுத்துவிட்டு அதே கீறலில் புதிது வைக்கலாம் என்றார் டாக்டர், கார் டயர் மாற்றுகிறவர் குரலில். எடுங்கள், வைக்க வேண்டாம் என்றேன். ஞானோதயம் ஒன்றுமில்லை. இன்னொரு பதினைந்து வருடம் காவல் காக்கச் சோம்பல்.

அவளுக்கு நேரமாயிற்று. முகப்பில் முதலில் பெயரில்லை என்றார்கள். அவள் நகராமல் நின்றதும் உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எழுந்து ஒரு நாற்காலி தள்ளி, அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினொரு மணிக்கு மேல் அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள், நீட்டிய என் கையைத் தாண்டிக் கைப்பையை என் அண்ணனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.